ராபர்ட் பெஞ்ச்லியின் குறும்படங்கள் பற்றிப் பேசலாம்

சுருள்பெட்டி:

பழைய ஹாலிவுட் என்றாலே நாம் சாப்ளின், கீட்டன், லாரல் ஹார்டி என்று ஒரு சுற்று வந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். பேசும்படம் வந்த புதிதில், முழுநீளப் படத்துக்கு முன்னால் போட்ட பத்து நிமிடப் படங்களில் விளக்கம் சொல்பவராகவும் அவரே நடிப்பவராகவும் வந்த ராபர்ட் பெஞ்ச்லிக்கு இங்கே ஒரு இழைகூட இல்லை. அதனால் ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1889-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்தவர், ஹார்வர்டில் படித்தவர். 1919-இல் 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகையில் நிர்வாக ஆசிரியர். அடுத்த வருடத் தொடக்கத்தில் அங்கே உடன் வேலை பார்த்த எழுத்தாளர் டாரதி பார்க்கரை வேலையைவிட்டு அனுப்பியதும், வீட்டில் மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருக்கும் நிலையில், இவரும் ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார். அப்புறம் 'லைஃப்' வார இதழில் நாடக விமர்சகர். பின்னால் வந்த புகைப்பட லைஃப் இல்லை, அதற்கு முன்பிருந்த நகைச்சுவை இதழ்.

நடிப்புக்கு வந்த கதைதான் ருசியானது. நியூயார்க்கின் அல்காங்குவின் ஹோட்டலில் தினமும் மதியச் சாப்பாட்டுக்குக் கூடும் எழுத்தாளர் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்கள் 1922 ஏப்ரல் 30 அன்று, ஒரே ஒரு இரவுக்கு, வேடிக்கையாக ஒரு மேடை நிகழ்ச்சி நடத்தினார்கள். அதில் பெஞ்ச்லி ஒரு சங்கத்தின் துணைப் பொருளாளராக வந்தார். பொருளாளருக்கு உடம்பு சரியில்லை, அதனால் பேசிப் பழக்கமே இல்லாத இந்த மனிதர் எழுந்து வரவுசெலவு அறிக்கை வாசிக்க வேண்டும். ஒரு நகைச்சுவைத் துணுக்கோடு ஆரம்பிக்கப் பார்த்து அது கைநழுவிப் போகும், எண்கள் ஒன்றோடொன்று சிக்கும், வாக்கியம் பாதியில் நின்று வேறு எங்கோ போய்விடும். போகிற வழியில் டாக்சியில் வைத்து யோசித்தது என்று சொல்வார்கள். அன்று அரங்கில் இருந்த பாடலாசிரியர் இர்விங் பெர்லின், தன் 'மியூசிக் பாக்ஸ் ரெவ்யூ' மேடைக்கு அதைக் கேட்டார். இவர் தட்டிக்கழிக்க வாரத்துக்கு 500 டாலர் வேண்டும் என்றார். அவர்கள் சரி என்றுவிட்டார்கள்! 1923 இலையுதிர் காலத்திலிருந்து மாதக்கணக்கில் தினமும் அந்த எட்டு நிமிடத்தை நடித்துவிட்டு, அப்படியே வேறு அரங்குக்கு ஓடிப் போய் விமர்சனத்துக்காக நாடகம் பார்த்தார்.

1928-இல் ஃபாக்ஸ் நிறுவனம் அதைப் பேசும் குறும்படமாக எடுத்தது, 'தி ட்ரெஷரர்ஸ் ரிப்போர்ட்'. அதே வருடம் 'தி செக்ஸ் லைஃப் ஆஃப் தி பாலிப்' என்று இன்னொன்று, பாலிப் என்ற கடல்வாழ் உயிரினம் பற்றி. அங்கிருந்து 1945 வரைக்கும் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவான குறும்படங்கள்.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். பெஞ்ச்லி என்றால் எழுத்தாளர், படமெல்லாம் காசுக்காகச் செய்த கிளைவேலை என்று புத்தகங்கள் எழுதுகின்றன. எனக்கு அது ஒப்பவில்லை. அவர் எழுத்தில் செய்ததை அவருக்கு முன்னும் பின்னும் பலர் செய்தார்கள். திரையில் செய்ததை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

கரிசல்வாசகன்:

அண்ணே, இழைக்கு நன்றி. ஆனால் இந்தக் கடைசிப் பத்தியை ஏற்க முடியாது.

'ஏபீஸ் ஐரிஷ் ரோஸ்' என்ற நாடகம் பிராட்வேயில் 1922 முதல் ஐந்து வருடத்துக்கு மேல், 2,327 காட்சிகள் ஓடியது. பெஞ்ச்லிக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனால் 'லைஃப்' இதழில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாடகத்துக்கும் வாராவாரம் ஒரு வரி எழுத வேண்டும். வேறு யாராக இருந்தாலும் முதல் வாரம் எழுதியதையே திரும்பத் திரும்ப அச்சிட்டிருப்பார்கள். இவர் வாரம் தவறாமல் புதுசாக ஒரு வரி திட்டினார், வருடக்கணக்கில். ஒரே எரிச்சலை அத்தனை விதமாகச் சொல்ல எவ்வளவு மொழி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்! அந்த மூளையைத்தான் ஹாலிவுட் 'நாயைப் பழக்குவது எப்படி', 'வருமானவரி கணக்குப் போடுவது எப்படி' என்று பத்து நிமிடத் துண்டுகளுக்குச் செலவழிக்க வைத்தது.

1929 முதல் 1940 வரை 'தி நியூயார்க்கர்' பத்திரிகையின் நாடக விமர்சகர் அவர். ஹாலிவுட் வேலை கூடக்கூட அந்த நாற்காலி கைவிட்டுப் போனது. 1943-இல் இனி எழுதப்போவதில்லை என்றே அறிவித்துவிட்டார். ஒரு எழுத்தாளன் எழுத்தை நிறுத்துவதை நான் லாபக்கணக்கில் எழுத மாட்டேன்.

ஒலித்தடம்:

இலக்கியச் சண்டையை நீங்கள் பாருங்கள், நான் என் துறையைச் சொல்கிறேன். ஒலிப்பதிவில்தான் என் பிழைப்பு.

1928-ஐக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாட்டும் கொஞ்சம் பேச்சும் கேட்ட 'ஜாஸ் சிங்கர்' படம் வந்து சில மாதம்தான். வார்னர் கம்பெனி வைட்டாஃபோன் முறையில் 16 அங்குல இசைத்தட்டில் ஒலியைப் பதிகிறது. ஃபாக்ஸின் மூவிடோனில் பிலிமின் ஓரத்திலேயே ஒலி கோடாக விழுகிறது. கேமரா போடும் சத்தம் மைக்கில் விழும் என்பதால் கேமராவையும் ஆளையும் ஒரு சின்னக் கூண்டுக்குள் வைத்து அடைத்தார்கள். மைக் ஒரு இடத்தில் இருக்கும், அதைவிட்டு நகர்ந்தால் குரல் போய்விடும். மௌனப்படத்தில் ஓடி ஆடிக் குதித்த நடிகர்கள் திடீரென்று சிலை மாதிரி நின்று, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி மேடைக் குரலில் பேசினார்கள். அந்தக் காலத்துப் பேசும்படங்கள் பலவற்றை இன்று உட்கார்ந்து பார்க்க முடியாததற்கு அதுதான் காரணம்.

இப்போது பெஞ்ச்லியைப் பாருங்கள். விருந்து மேசைக்குப் பின்னால் எழுந்து நிற்கும் ஒரு மனிதர். அவர் நகர வேண்டிய அவசியமே இல்லை, நகர முடியாமல் தவிப்பதுதான் காட்சியே! கருவியின் அத்தனை குறையும் அவருடைய பாத்திரத்துக்குப் பொருந்தி உட்கார்ந்துவிட்டது. அதோடு அவர் மேடைக் குரலில் பேசவில்லை. தொண்டையைச் செருமுகிறார், ஒரு சொல்லைத் தொடங்கி விழுங்குகிறார், 'அது வந்து' என்று இழுக்கிறார். பெரிய அரங்கில் பின்வரிசைக்கு இதெல்லாம் சரியாகக் கேட்டிருக்காது. மைக் முன்னால் அத்தனையும் கேட்டது. 'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்' என்ற முதல் முழுப் பேசும் முழுநீளப் படம் 1928 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன்பே இந்தக் குறும்படம் வந்துவிட்டது. ஒலிப்படத்தில் தயக்கம் என்பதையே ஒரு நடிப்பாக ஆக்கிக் காட்டிய முதல் சிலரில் அவரை வைப்பேன்.

கரிசல் தம்பி, எழுத்தில் இந்தத் தயக்கத்தை எப்படி எழுதுவாய்? நாலு புள்ளி வைக்கலாம், அவ்வளவுதான்.

கரிசல்வாசகன்:

நாலு புள்ளியிலேயே செய்தவர்கள் இருக்கிறார்கள் அண்ணே. ஆனால் ஒலி பற்றிச் சொன்னது எனக்குப் புதுசு, குறித்துக்கொண்டேன்.

ஜெகன்82:

ஒரு சந்தேகம். இந்த மாதிரி விளக்கக் குரல் குறும்படங்கள் அப்போது நிறைய இருந்ததா, இல்லை இவர் மட்டும்தானா? பீட் ஸ்மித் என்று ஒருவர் கேள்விப்பட்டிருக்கிறேன், அதுவும் எம்ஜிஎம்தானே?

சுருள்பெட்டி:

நல்ல கேள்வி தம்பி. நிறைய இருந்தன. அப்போது தியேட்டருக்குப் போனால் முழுநீளப் படம் மட்டும் கிடையாது. செய்திப்படம், கார்ட்டூன், ஒரு குறும்படம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு காட்சி. ஒரு ரீல் என்பது 1,000 அடி, ஒலிப்பட வேகத்தில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், அதனால் ஒரு ரீல் படம் பதினோரு நிமிடத்துக்குமேல் போகாது. அந்தப் பதினோரு நிமிடத்துக்கென்றே பெரிய கம்பெனிகளில் தனிப் பிரிவுகள் இருந்தன.

எம்ஜிஎம்மில் பீட் ஸ்மித் விளம்பரப் பிரிவுத் தலைவராக இருந்தவர். மூக்கால் பேசும் குரல், குத்தல் பேச்சு. 1931-இல் தொடங்கி 1955 வரை 150-க்கும் மேற்பட்ட குறும்படங்கள். எம்ஐடியின் ஹெரால்ட் எட்ஜெர்ட்டன், கண்சிமிட்டும் நேரத்தில் நடப்பதை ஒளிவெட்டில் உறையவைத்துப் படமெடுப்பதைக் காட்டும் 'குவிக்கர் தன் எ விங்க்' அவருடையதுதான், 1940 ஆண்டுக்கான ஆஸ்கர் வாங்கியது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் ஊர் ஊராகப் போய் 'டிராவல்டாக்ஸ்' எடுத்தவர். ஒவ்வொரு ஊரையும் சொர்க்கம் மாதிரியே வர்ணிப்பார், எனக்கு இரண்டு பார்த்ததும் திகட்டிவிட்டது. ஜான் நெஸ்பிட் வானொலியிலிருந்து 'பாஸிங் பரேட்' தொடரைக் கொண்டுவந்தவர், அது கனமான கதைசொல்லல்.

இவர்களுக்கும் பெஞ்ச்லிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் வலியுறுத்த விரும்புகிறேன். ஸ்மித்தின் படத்தில் குரல் அவருடையது, அடிபடுபவர் வேறு ஆள், பெரும்பாலும் டேவ் ஓ'பிரையன். குரலுக்கு எதுவும் ஆகாது. அது பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்துகொண்டு கீழே விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கும். பெஞ்ச்லியின் படத்தில் குரலும் அவரே, விழுபவரும் அவரே. ஒரு பெஞ்ச்லி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நிபுணராக அறிவுரை சொல்கிறார், இன்னொரு பெஞ்ச்லி வீட்டில் அதே அறிவுரையைப் பின்பற்றிக் கெட்டுப்போகிறார். சில படங்களில் அந்த இரண்டாமவருக்கு ஜோ டோக்ஸ் என்று பெயரும் உண்டு. பார்க்கிறவர் இருவரில் யாரை நம்புவது? இந்த அமைப்பை எழுத்தில் கொண்டுவர முடியாது என்பதுதான் என் வாதம்.

மீனா_டொராண்டோ:

அண்ணா, எனக்கு இவரைத் தெரியவந்ததே பழைய படங்கள் போடும் டிசிஎம் சேனலில்தான். இரண்டு படத்துக்கு நடுவில் நேரம் மிஞ்சினால் பழைய குறும்படம் ஒன்றைச் சொருகிவிடுவார்கள். 'ஹவ் டு ஸ்லீப்' அப்படித்தான் வந்தது. அதைப் பற்றி விரிவாக எழுதுங்களேன்.

சுருள்பெட்டி:

எழுதுகிறேன்மா. அதுதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிய படம்.

ஃபாக்ஸ் படங்களுக்குப் பிறகு கொஞ்ச வருடம் அங்கே இங்கே சின்ன வேடம், வசனம் எழுதுவது என்று இருந்தார். 1935-இல் எம்ஜிஎம் கூப்பிட்டது. பின்னணி இதுதான். சிம்மன்ஸ் என்ற மெத்தைக் கம்பெனி, மெலன் இன்ஸ்டிடியூட்டில் மனிதர் தூக்கத்தில் எப்படிப் புரள்கிறார் என்று ஆராய்ச்சி செய்ய வைத்தது. தூங்குகிறவர்களை இரவெல்லாம் படமெடுத்து, எத்தனை முறை புரள்கிறார், எந்தெந்த நிலையில் கிடக்கிறார் என்று பட்டியல் போட்டார்கள். அதை வைத்து ஒரு ரீல் எடுக்க வேண்டும். இயக்கம் நிக் கிரின்ட். இரண்டு நாளில் படப்பிடிப்பு முடிந்தது. விளக்குபவரும் பெஞ்ச்லி, தூங்குபவரும் பெஞ்ச்லி. இரண்டாவது வேடம் சிரமமாக இல்லை, பெரும்பாலும் படுக்கையில்தானே இருந்தேன் என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்.

படத்தில் ஒரு இடத்தைக் கவனியுங்கள். தூக்கம் வராவிட்டால் சூடாகப் பால் குடிக்கலாம் என்று குரல் சொல்கிறது, நம் வீட்டுப் பாட்டி சொல்வதுபோல மிகச் சாதாரணமாக. மனிதர் எழுந்து சமையலறைக்குப் போகிறார். பாலோடு நின்றால் பரவாயில்லை. ஐஸ்பெட்டி திறக்கிறது, கை உள்ளே போகிறது, போனது போனதுதான். அந்த நேரத்தில் குரலில் எந்த மாற்றமும் கிடையாது. 'பாருங்கள், இவர் என்ன செய்கிறார்' என்று சுட்டிக்காட்டவே காட்டாது. அது தன்பாட்டுக்கு அடுத்த அறிவுரைக்குப் போய்விடும். அப்புறம் அந்தப் புரளும் காட்சிகள். வேகமாக ஓட்டப்படும் படத்தில் பெரிய உடம்பு ஒன்று போர்வைக்குள் முறுக்கிக்கொண்டு கிடக்கும். ஒவ்வொரு நிலைக்கும் விஞ்ஞான விளக்கம் மாதிரியே ஒரு விவரணை. எந்த முகபாவமும் இல்லாமல் வெறும் முதுகாலேயே நடிக்கிறார் அந்த மனுஷர்.

அது அந்த வருடத்தின் சிறந்த நகைச்சுவைக் குறும்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது, 1936 மார்ச் மாதம் நடந்த விழாவில். விதிப்படி விருது தயாரிப்பாளர் ஜாக் செர்டாக் பெயரில். மெத்தைக் கம்பெனிக்கு மகிழ்ச்சி, படத்தின் காட்சிகளை விளம்பரத்துக்கே எடுத்துக்கொண்டார்கள். மெலன் இன்ஸ்டிடியூட்காரர்களுக்குத்தான் பிடிக்கவில்லை.

பாலுமாமா:

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், ஒன்று சேர்க்கிறேன். இந்தப் 'போலிப் பேருரை' பாணி சினிமாவில் திடீரென்று முளைத்ததில்லை. ஹார்வர்டில் மாணவராக இருக்கும்போதே பெஞ்ச்லி, வேட்டைக்குப் போனவர்கள் திரும்பி வந்து நடத்தும் பயணச் சொற்பொழிவுகளைப் போலச் செய்து, துப்பாக்கியும் கேமராவும் ஏந்தி உணவுக்குழாய் வழியாகப் பயணம் என்று ஒரு உரை நிகழ்த்தி எல்லாரையும் சிரிக்க வைத்தார். 1937-இல் எம்ஜிஎம்மில் 'தி ரொமான்ஸ் ஆஃப் டைஜஷன்' எடுக்கிறார். கால் நூற்றாண்டாக அந்த வயிற்றுப் பயணத்தை மனசில் சுமந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

ஆகவே கரிசல் தம்பி சொல்வதுபோல ஹாலிவுட் இவரைப் பிடித்து இழுத்துப் போய்க் கெடுக்கவில்லை. பேசுவது, அதுவும் நிபுணனாக வேடம் போட்டுப் பேசுவது, அவருக்கு எழுத்துக்கும் முன்னாலிருந்தே வந்தது.

கரிசல்வாசகன்:

மாமா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் வருத்தம் வேறு இடத்தில். 1937-லிருந்து 1939 வரை எம்ஜிஎம் அவரைப் பிழிந்த வேகத்தைப் பாருங்கள். 1938-இல் மட்டும் நியூட் என்ற நீர்நில உயிரினத்தின் காதல், குழந்தை வளர்ப்பு, வருமானவரி, இசை, தனியாக ஒரு மாலை, கால்பந்து பார்ப்பது, வாசிப்பது, மனநிதானம் என்று எல்லாத் தலைப்பிலும் படம். அதே சமயம் 1938-39-இல் வானொலியில் ஆர்ட்டி ஷா இசைக்குழுவோடு 'மெலடி அண்ட் மேட்னஸ்' நிகழ்ச்சி. பத்திரிகை வேலை ஒரு பக்கம். இதில் எல்லாமே 'ஹவ் டு ஸ்லீப்' தரத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சிலது வெறும் கடமைக்கு எடுத்ததுபோல இருக்கிறது. முகம் அதே முகம், தடுமாற்றம் அதே தடுமாற்றம்.

முப்பது வயதுவரை மதுவைத் தொடாமல், மதுவிலக்கையே ஆதரித்துப் பேசிய மனிதர் அவர். மதுவிலக்குக் காலத்தில்தான் குடிக்க ஆரம்பித்தார். 1945 நவம்பர் 21 அன்று நியூயார்க்கில் இறக்கும்போது வயது 56, காரணம் கல்லீரல் சிரோசிஸ். குடும்பம் நியூயார்க் பக்கம் ஸ்கார்ஸ்டேலில், இவர் பாதி நாள் ஹாலிவுட்டில் கார்டன் ஆஃப் அல்லா விடுதியில். இந்தப் படங்களைப் பார்த்துச் சிரிக்கும்போது எனக்கு இது ஞாபகம் வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் 'அவர் கண்டுபிடித்த கலை' என்று கொண்டாட மனசு வரவில்லை.

ஒலித்தடம்:

தம்பி, அந்த வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் சொந்த வாழ்க்கை கெட்டுப்போனதால் வேலையும் கெட்டது என்று ஒரே கோட்டில் சேர்க்க வேண்டாம். 1940-இல் ஹிட்ச்காக் 'ஃபாரின் கரஸ்பாண்டன்ட்' எடுத்தபோது, லண்டனில் கிடந்து சலித்துப்போன ஸ்டெபின்ஸ் என்ற நிருபர் வேடத்தை இவருக்குக் கொடுத்து, வசனமும் எழுத வைத்தார். டாக்டர் கட்டளையால் கையில் பால் கிளாஸோடு உட்கார்ந்திருப்பார், பக்கத்து ஆள் விஸ்கி குடிப்பதை அந்தப் பார்வை பார்ப்பார். உங்களை வருத்தப்படுத்துகிற அதே விஷயத்தை அவர் நடிப்பாக மாற்றிக்கொண்டு, கொஞ்சமும் கெஞ்சாமல் செய்திருக்கிறார். வேலை தெரிந்தவன் செய்வது அது.

மீனா_டொராண்டோ:

வால்ட் டிஸ்னியின் 'தி ரிலக்டன்ட் டிராகன்' பற்றி யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். 1941-இல் வந்தது. பெஞ்ச்லி பர்பாங்கில் இருக்கும் டிஸ்னி ஸ்டுடியோவுக்குள் வழிதவறிச் சுற்றி, ஒலிப்பதிவு அறை, வண்ணம் கலக்கும் கூடம், கேமரா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் படம். படம் வெளிவந்த சமயம் அந்த ஸ்டுடியோ ஓவியர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள், தியேட்டர் வாசலிலேயே மறியல். திரையில் எல்லாரும் சிரித்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

ஆனால் அதற்குள் ஒரு விஷயம் இருக்கிறது. அதில்தான் டிஸ்னியின் கார்ட்டூன் நாய் கூஃபி நடித்த 'ஹவ் டு ரைட் எ ஹார்ஸ்' முதன்முதலில் வருகிறது. கம்பீரமான குரலில் ஜான் மெக்லீஷ் குதிரையேற்றம் கற்றுத்தருவார், கூஃபி அந்தப் பாடத்தின்படியே செய்து அடிபடும். அதற்குப் பிறகு நீந்துவது, பேஸ்பால், மீன்பிடிப்பது என்று கூஃபியின் 'எப்படி' வரிசையே தொடர்ந்தது. ஆறு வருடம் முன்பே அதே அமைப்பைத் திரையில் காட்டிய மனிதர், அதே படத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறார். இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சுருள்பெட்டி:

மீனா, நான் அடுத்து எழுத நினைத்ததை நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி. இதோடு வார்னரின் ஜோ மெக்டோக்ஸ் தொடரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட் பேர் இயக்கம், ஜார்ஜ் ஓ'ஹான்லன் நடிப்பு, ஆர்ட் கில்மோர் குரல், 1942 முதல் 1956 வரை. பாத்திரத்தின் பெயரே எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இரண்டிலுமே குரல் ஒருவர், உடம்பு வேறொருவர். பெஞ்ச்லி செய்ததில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இன்று இணையத்தில் ஆயிரம் பேர் 'எப்படிச் செய்வது' காணொளி போடுகிறார்கள், அதில் சிலர் வேண்டுமென்றே சொதப்பிக் காட்டிச் சிரிக்க வைக்கிறார்கள். பெஞ்ச்லியின் முழு அமைப்பு, அதாவது ஒரே ஆள் ஆசிரியராகவும் அடிபடும் மாணவராகவும் வருவது, அங்கேதான் திரும்ப உயிரோடு இருக்கிறது.

கரிசல் தம்பி சொன்ன அந்த அவசரத்தை நானும் மறுக்கவில்லை. 1940-42-இல் பாரமவுன்ட்டுக்காக எடுத்தவற்றில் பல தளர்ச்சியாகத்தான் இருக்கின்றன, மனைவி திட்டுவது, ஆணி அடிக்கத் தெரியாதது என்று பழகிய பாதை. ஆனால் 1943-இல் ஃபிரெட் அஸ்டெய்ரோடு 'தி ஸ்கைஸ் தி லிமிட்' படத்தில் வரைபடங்களை வைத்துக்கொண்டு ஒரு விருந்துப் பேச்சு பேசுவார், பாருங்கள். இருபது வருடம் முன்பு மேடையில் நின்ற அதே துணைப் பொருளாளர்தான், இப்போது வயதாகி, பதவியும் உயர்ந்து, ஆனால் எண்கள் மட்டும் இன்னும் சிக்கிக்கொண்டே இருக்கின்றன.

ஜெகன்82:

சரி அண்ணே, தொடங்குகிறவன் எதிலிருந்து தொடங்குவது?

பாலுமாமா:

தம்பி, நேரே பாலிப் படத்துக்குப் போ. மகளிர் மன்றத்தில் ஒரு டாக்டர் கடல்வாழ் உயிரினம் பற்றி உரையாற்றுகிறார், அவ்வளவுதான் கதை. பெண்கள் மத்தியில் பேசக் கூச்சமான தலைப்பு. மனிதர் கண்ணியத்தைக் காப்பாற்றிக்கொண்டே, அந்த ஜந்து ஒரு சட்டைப் பொத்தானைக் காதலித்த கதையைச் சொல்லிமுடிக்க வேண்டும். அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2007-இல் சேர்த்திருக்கிறார்கள். தரமான பிரதி தேடிப் பார், ஒலி தெளிவாக இல்லாவிட்டால் அவருடைய பாதி நகைச்சுவை போய்விடும்.

ஒலித்தடம்:

மாமா சொன்னதை வழிமொழிகிறேன். எம்ஜிஎம் படங்களை வார்னர் ஆர்கைவ் வட்டுகளாக வெளியிட்டிருக்கிறது, அதில் ஒலி நன்றாக இருக்கும். ஹெட்ஃபோனில் கேள் தம்பி. வாக்கியத்துக்கு நடுவில் அவர் மூச்சு இழுப்பதைக் கவனி, எங்கே நிற்கப் போகிறார் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். அது தடுமாற்றமே இல்லை, தாளம்.

கரிசல்வாசகன்:

'ரோட் டு யுடோபியா' படத்தையும் பட்டியலில் சேருங்கள், அது எனக்கே பிடிக்கும். பாப் ஹோப், பிங் கிராஸ்பி படம். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் ஓரத்தில் பெஞ்ச்லி முளைத்து, இப்போது என்ன நடக்கிறது என்று விளக்கம் சொல்ல ஆரம்பிப்பார். யாரும் கேட்கவில்லை, தேவையும் இல்லை. எடுத்து வெகுநாள் கிடப்பில் இருந்து 1946-இல்தான் பரவலாகத் திரைக்கு வந்தது, அப்போது அவர் இல்லை.

சுருள்பெட்டி அண்ணே, என் நிலைப்பாடு மாறவில்லை, அவர் இன்னும் எழுதியிருக்க வேண்டும். ஆனால் அந்த மூலையில் வரும் முகத்தை மட்டும் எந்தப் பத்தியிலும் எழுத முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். 1944-இல் எம்ஜிஎம்முக்கு எடுத்த கடைசி இரண்டு, 'இம்பார்ட்டன்ட் பிசினஸ்', 'வொய், டாடி?', இவற்றை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எழுதுங்கள்.

சுருள்பெட்டி:

'வொய், டாடி?' பற்றி நான் எழுதுகிறேன் தம்பி, ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு.